பிசியோதெரபி படிப்புக்கும் ஆய்வுக்கும் ஒரு கட்டளை

"மாசியில தோளு நோவு தானா போச்சு சாரே. பால்வெட்டு தொடங்கினதும் திரும்பி வந்திட்டு."

குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வரும் அக்கா சொன்னது இது. தை மாதம் முழுக்க என்னிடம் வந்து பயிற்சி செய்தார். மாசியில் கை தலைக்கு மேலே சுலபமாகப் போனது. அவருடைய அட்டையில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். சித்திரையில் அதே தோள், அதே வலி.

அப்படியானால் மாசியில் குணமானது நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியாலா, ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நின்றுபோன ஓய்வாலா? பதினெட்டு வருடமாக இந்தப் பக்கத்தில் பிசியோதெரபி செய்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் பணம் வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுக்கும் பிசியோ படிப்புக்கும் ஊர்க்காரர் கொடுக்கக்கூடிய அந்தப் பணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்காக: விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். ஒரு ஆள் 300 மரம் வரை வெட்டுவதுண்டு. புது மரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் மெல்லிய சீவலாகப் பட்டை போகும். வருடம் போகப் போக வெட்டு கீழே இறங்கும். முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டால் முதுகை வளைத்துக்கொண்டேதான் வேலை. கீழ்ப்பட்டை தீர்ந்த பழைய மரத்தில் மேலே வெட்ட வேண்டும், அப்போது கை தோளுக்கு மேலேயே நிற்கும். ஆக, மரத்தின் வயதைப் பொறுத்து மனிதரின் வலி இடம் மாறுகிறது. "கீழ்வெட்டா, மேல்வெட்டா?" என்று கேட்காமல் நான் யாருடைய தோளையும் தொடுவதில்லை. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. நோயாளிகள் சொல்லித் தந்தது.

இப்படிக் கேள்விகள் நம் மாவட்டம் முழுக்கக் கிடக்கின்றன. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களின் முழங்கால், முட்டத்திலும் குளச்சலிலும் வள்ளம் தள்ளுகிறவர்களின் இடுப்பு, பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்களின் மிச்ச வாழ்க்கை. இதையெல்லாம் வெளியூர்க்காரர் வந்து ஆராய்ச்சி செய்வார் என்று காத்திருக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு எம்பிடி (பிசியோதெரபி முதுகலை) மாணவி தன் ஆய்வுக்காக என் கிளினிக்குக்கு வந்தாள். தோள் வலி உள்ள பால்வெட்டுக்காரர்கள் நாற்பது பேர். இருபது பேருக்குப் புதுப் பயிற்சி, இருபது பேருக்கு வழக்கமான சிகிச்சை. யாருக்கு எது என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். எல்லோரும் ஒரே பருவத்தில் வெட்டுகிறவர்கள். கை எவ்வளவு தூரம் உயர்கிறது என்று அளப்பவருக்கு, எதிரில் இருப்பவர் எந்தக் கூட்டம் என்று தெரியாது. இவ்வளவு கவனம் இருந்தால்தான் குணம் பயிற்சியால் வந்ததா, ஓய்வால் வந்ததா, நம் ஆசையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும். கெட்டிக்காரப் பிள்ளை. விடிகாலை நாலு மணிக்குத் தோட்டத்துக்குப் போய், ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை குனிகிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணினாள்.

முதல் நாள் நாற்பது பேரும் வந்தார்கள். ஆறாவது வாரம் மறு அளவுக்கு வந்தது இருபத்து மூன்று பேர்.

பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான். ஆனால் எஸ்டேட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை ஆட்டோ பிடிக்க வேண்டும். அதைவிட, கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். அந்தப் பிள்ளை தன் கைக்காசில் ஏழெட்டுப் பேருக்கு ஆட்டோ பிடித்தாள், அப்புறம் அவளிடமும் காசு தீர்ந்துவிட்டது. வராத பதினேழு பேர் குணமாகிவிட்டதால் வரவில்லையா, வலி கூடியதால் வேறிடம் போனார்களா? தெரியாது. தெரியாதவரை மீதிப்பேரின் கணக்கை நம்ப முடியாது. அவள் அதை மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதினாள். ஆய்வேடு ஒரு நூலக அலமாரியில் இருக்கிறது. ஆட்டோ, கூலி இழப்புக்கு ஈடு, படிவம் அச்சடிக்கும் செலவு எல்லாம் சேர்த்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

கொடுக்க மனம் இல்லாத ஊர் அல்ல இது. நெய்யூரில் 1838-ல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணி கடல் கடந்து வந்த காணிக்கையில் வளர்ந்தது. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஊர் திரும்பும் முன் நெய்யூரைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். இன்றும் சர்ச், கோயில் கமிட்டி, கிளப், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் என்று உதவி வந்துகொண்டேதான் இருக்கிறது. என் கிளினிக்கிலேயே தானமாக வந்த வாக்கர்களும் ஊன்றுகோல்களும் உண்டு, தினமும் பயன்படுகின்றன.

ஆனால் உதவி என்றால் பொருள் என்றே நமக்குப் பழகிவிட்டது. ஒரு வீட்டில் பார்த்தேன். பனையிலிருந்து விழுந்தவருக்கு விழா வைத்து வீல்சேர் கொடுத்திருக்கிறார்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்க பதினொரு படி. கதவு நிலை குறுகல். வீல்சேர் சாய்ப்பில் நின்றது, அதன்மேல் ரப்பர் ஷீட் காயப் போட்டிருந்தார்கள். கொடுத்தவர்கள் நல்லவர்கள். மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கும் குமரி வீடுகளுக்கு எந்த மாதிரி நாற்காலி ஒத்துவரும் என்று ஒரு மாணவருக்கு ஆறு மாதம் செலவு கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால், அடுத்த நூறு நாற்காலி வீணாகாது.

இதை ஒழுங்காகச் செய்த இடங்கள் உண்டு. அமெரிக்காவில் 1979-ல் பிசியோதெரபி ஆய்வுக்கென்றே ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பிசியோக்களுக்கு உதவித்தொகை, ஆய்வுகளுக்கு மானியம், இதுதான் அதன் வேலை. பெரும்பகுதிப் பணம் அந்தத் தொழிலில் இருப்பவர்களும் அவர்கள் சார்ந்த நிறுவனங்களும் கொடுப்பது. மார்க்வெட் என்ற பல்கலைக்கழகத்தின் பிசியோ மாணவர்கள் 1980-களின் கடைசியில் மற்றக் கல்லூரிகளுக்கு ஒரு சவால் விட்டார்கள்: யார் இந்த அறக்கட்டளைக்கு அதிகம் திரட்டுகிறீர்கள் பார்ப்போம் என்று. அந்தப் போட்டி பல வருடம் தொடர்ந்து நடந்தது. எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: எந்த ஆய்வுக்குக் கொடுப்பது என்று பணம் கொடுத்தவர் முடிவு செய்வதில்லை. அத்துறை அறிந்த குழு ஒன்று விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்கிறது. நம் நாட்டில் அதே 1979-ல் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் தொடங்கிய குறுகிய கால ஆய்வு உதவித்தொகை எம்பிபிஎஸ், பல் மருத்துவ மாணவர்களுக்கானது. பிசியோ மாணவர்கள் பெரும்பாலும் கைக்காசில்தான் ஆய்வு செய்கிறார்கள்.

ஆய்வு செய்து என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது, குடும்பத்தாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டால் நோயாளி நன்றாகத் தேறுவாரா? தேறுவார் என்றுதான் நான் நம்பினேன். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர்களும் சேர்ந்து, குடும்பப் பயிற்சி பெற்ற பக்கம் 47 சதவீதம், பெறாத பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. படித்த அன்று மனசு கனத்தது. ஆனால் அதற்கப்புறம் "நீங்களே வீட்டில் செய்தால் போதும்" என்று எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்வதில்லை. படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, விழாமல் எழுப்புவது, இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நம் ஊர் நோயாளிகளைப் பற்றிய இந்த ஆய்வுக்குப் பணம் தந்தது ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு கவுன்சில். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. வாரத்துக்கு எத்தனை முறை வந்தால் பலன் என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே இருக்கிறது?

படிப்புச் செலவுக்கு வருகிறேன். நான் படித்தபோது பிபிடி என்ற பிசியோதெரபி இளங்கலைப் படிப்பு நாலரை வருடம். அரசு தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவது பெரிய ஆறுதல்தான், ஆனால் தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு அது காணாது. கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் மூன்றாம் வருடத்தில் இருந்தான். அப்பாவின் வள்ளத்து எஞ்சின் பழுதான வருடம் கட்டணம் கட்ட முடியவில்லை. கல்லூரியில் இரண்டு மாதம் தவணை கேட்டான், கிடைக்கவில்லை. என்னிடம் அவன் வந்து சொன்னபோது பரீட்சைக்குப் பணம் கட்டும் தேதி முடிந்திருந்தது. இப்போது ஒரு மொபைல் கடையில் நிற்கிறான். கடலுக்குப் போகிறவர்களின் இடுப்பு வலியை அவனைவிட நன்றாக யார் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

என்ன செய்யலாம்? நமக்குப் பழக்கமான முறைதான்: கட்டளை. கோயிலுக்கு நிலம் எழுதிவைத்து, அதன் வருமானத்தில் வருடா வருடம் விளக்கும் படையலும் நடப்பதுபோல. பெற்றோர் நினைவாக நாலு லட்சம் ரூபாயை ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளையில் வைத்தால், ஏழு சதவீத வட்டியில் வருடம் 28,000 வரும். முதல் அப்படியே இருக்கும், வருடத்துக்கு ஒரு மாணவரின் ஆய்வு நடக்கும். தனியாக முடியாவிட்டால் பத்துப் பேர் சேரலாம். வரிச்சலுகை வேண்டுமென்றால், 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய அங்கீகாரம் அந்த அறக்கட்டளைக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை கிடையாது, அதனால் வங்கி மூலம் அனுப்புங்கள். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான் இது பொருந்தும். யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் விட்டுவிடுங்கள். என் மருமகன், உன் தங்கை பிள்ளை என்று வந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

வருகிற மார்கழியில் இன்னொரு மாணவி அந்தத் தோள் ஆய்வை மறுபடி தொடங்குகிறாள். அப்போது தொடங்கினால் இலை உதிர்ந்து வெட்டு நிற்பதற்குள் ஆறு வாரம் முடிந்துவிடும். இந்தத் தடவை அறுபது பேர். ஆறாவது வாரத்து ஆட்டோ காசையும் அரைநாள் கூலியையும் முன்கூட்டியே ஆளுக்கொரு கவரில் போட்டுவைக்க நாங்கள் மூன்று பிசியோக்கள் சேர்ந்து முடிவு செய்தோம். நேற்று வரை இருபத்திரண்டு கவர் தயார்.