தேங்காய் பர்பி ஒருநாள் வில்லையாகிறது, ஒருநாள் மணலாகிறது. ஏன்?

நவராத்திரி நெருங்கினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். இந்த முறை கேட்டவர் ஒரு வாசகி. "கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தேங்காய் பர்பி கிளறினேன். போன வாரம் வில்லை வில்லையாக வந்தது. இந்த வாரம் உதிர்ந்து மணலாகிவிட்டது. அளவை மாற்றவே இல்லை. கிளறும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தார், கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார்."

அந்த அக்காவை முதலில் விடுவித்துவிடலாம். அவர் பார்த்ததால் பர்பி கெடவில்லை. அவரோடு இரண்டு நிமிடம் பேசிக்கொண்டு நின்றதால் கெட்டிருக்கலாம்.

செய்முறை தெரிந்ததுதான்: ஒன்றரை கப் சர்க்கரையில் அரை கப் தண்ணீர் விட்டுக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி, இரண்டு கப் தேங்காய்த் துருவலைப் போட்டுக் கிளறி, நுரைத்து வந்ததும் நெய் தடவிய தட்டில் கொட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. திடீரென்று பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் இதைவிடச் சுலபமான இனிப்பு எனக்குத் தெரியாது.

பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், மிச்சமிருக்கும் பாகின் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். பள்ளிப் பாடம்தான். 115 டிகிரியில் கொதிக்கும் பாகு என்றால் அதில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரை, 15 பங்குதான் தண்ணீர் என்று அர்த்தம். சரி, இப்போது ஒரு கணக்கு. அறை வெப்பநிலையில் ஒரு பங்கு தண்ணீர் ஏறக்குறைய இரண்டு பங்கு சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 15 கிராம் தண்ணீர் முப்பது கிராம் சொச்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். அப்படியானால் 100 கிராம் பாகு ஆறும்போது ஐம்பது கிராமுக்கு மேல் சர்க்கரை வெளியேறியே ஆக வேண்டும். வெளியேறுவது படிகமாக. பர்பி இறுகுவது அதனால்தான்.

ஆனால் பாகு ஆறத் தொடங்கியதும் சர்க்கரை உடனே வெளியேறிவிடுவதில்லை. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதிதெவிட்டிய கரைசல் என்று வகுப்பில் படித்தோமே, தாங்கக்கூடியதைவிட அதிகச் சர்க்கரையைக் கரைத்து வைத்திருக்கும் நிலை, அந்த நிலையில் பாகு தெளிவாகவே நின்றுகொண்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் இலை போட்ட பிறகும் பந்தியில் முதலில் போய் உட்கார ஆளில்லாமல் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், பார்த்திருப்பீர்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும், நொடியில் வரிசை நிரம்பிவிடும். சர்க்கரை மூலக்கூறுகளும் அப்படித்தான். தாமாக ஒன்றுகூடி ஒரு சிறு கரு உண்டாக்குவது அவற்றுக்குக் கடினம். இரண்டு மூன்று சேர்ந்தாலும் வெப்பத்தின் ஆட்டத்தில் மறுபடி பிரிந்துவிடும். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கரு மட்டுமே பிழைக்கும். பிழைத்துவிட்டால் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் அதன் மேல் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கரு எத்தனை, எப்போது உண்டாகிறது என்பதில்தான் பர்பியின் தலையெழுத்து இருக்கிறது. கரு குறைவாக இருந்து அசையாமல் நின்றால் ஒவ்வொன்றும் பெரிதாக வளரும், கடித்தால் நறநறவென்று கல் போல இருக்கும். கை ஓயாமல் கிளறினால் ஒரே நேரத்தில் எக்கச்சக்கமான கருக்கள் உண்டாகும். வெளியேற வேண்டிய சர்க்கரையை அவை பங்கிட்டுக்கொள்வதால் எதுவும் பெரிதாக வளராது, நாக்குக்கு வழவழப்பு. தேங்காயிலிருந்து கசியும் எண்ணெயும் படிகங்களுக்கு நடுவே புகுந்து அவை பருக்காமல் தடுக்கிறது.

வாணலியை உற்றுப் பாருங்கள். அதுவரை பளபளவென்று ஈரமாக இருந்த ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று பூக்கும். கரண்டியின் விளிம்பிலும் அதே வெள்ளை. ஒளி தடையில்லாமல் ஊடுருவிய பாகில் இப்போது நுண்படிகங்கள் நிறைந்து அதைச் சிதறடிக்கின்றன. தட்டில் கொட்ட வேண்டிய கணம் அதுதான். அப்போது கொட்டினால் மீதிப் படிகங்கள் தட்டிலேயே வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், நடுவே மெல்லிய பாகு பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். அதுதான் வில்லை. இரண்டு நிமிடம் தாமதித்தால் படிகங்கள் வாணலியிலேயே முழுக்க வளர்ந்துவிடும், கரண்டி அவற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும், பிடித்துக்கொள்ளப் பாகும் மிஞ்சாது. வாசகிக்குக் கிடைத்த மணல் இதுதான். அளவு மாறாவிட்டாலும் தேங்காய் மாறியிருக்கும். இளசான தேங்காயில் ஈரம் அதிகம், முற்றியதில் குறைவு. அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கிளறினால் வேலைக்காகாது.

கடலை மிட்டாயில் நமக்கு வேண்டியது நேர் எதிர். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயை உடைத்துப் பாருங்கள், பாகு தெளிவாக இருக்கும், படிகம் இருக்காது. வெல்லத்தில் இயல்பாகவே கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டு. வடிவம் வேறு என்பதால் சர்க்கரையின் வரிசையில் அவை பொருந்தாமல் இடைஞ்சல் செய்யும். பாகும் உடைபதம் வரை போய்விடுவதால் மூலக்கூறுகள் நகர முடியாமல், வரிசை கட்டாமலேயே உறைந்து கண்ணாடி நிலைக்குப் போய்விடுகின்றன. ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சை பிழிவதும் இதே தந்திரம்தான். புளிப்பு கொஞ்சம் சர்க்கரையைப் பிளந்து அந்த இரண்டையும் உண்டாக்கிவிடும்.

தெர்மாமீட்டர் வாங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஊட்டியில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே 115 வரும் வரை காய்ச்சினால் பாகு கல்லாகிவிடும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்கும் பாட்டி வைத்தியத்துக்கு அந்தச் சிக்கலே இல்லை. அது வெப்பநிலையை விட்டுவிட்டு, நமக்கு வேண்டிய இறுக்கத்தையே நேராக அளக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் மேலான கருவி.

மிட்டாய்ப் படிகத்தை ஆராயப் பணமா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1998இல் ரிடோனவிர் என்ற எச்ஐவி மருந்தில் எதிர்பாராமல் வேறொரு வடிவப் படிகம் தோன்றியது. சரியாகக் கரையாத வடிவம். அது தலைகாட்டிய பிறகு பழைய வடிவத்தில் தயாரிப்பதே பெரும்பாடாகி, கேப்சூலைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வாணலி ஓரத்தில் நடப்பதும் அங்கே நடந்ததும் ஒரே இயற்பியல். இதற்கு ஒதுக்கும் பணத்தை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

உதிர்ந்த பர்பியைத் தூக்கிப் போட வேண்டாம். மறுபடி வாணலியில் கொட்டி, கால் கப் தண்ணீர் தெளித்து, கடைசிப் படிகமும் கரையும் வரை சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துகள்களை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், அதில் ஒன்று மிஞ்சினாலும் கருவாகிவிடும். அப்புறம் முதலிலிருந்து கிளற வேண்டியதுதான். அக்கா வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள், கண்ணை மட்டும் வாணலியிலிருந்து எடுக்காதீர்கள்.