ஆற்றோடு போகும் பழைய துணி

மனநோய்க்கு ஆப்பிரிக்காவில் டாக்டர்களும் பூசாரிகளும் சேர்ந்து வைத்தியம் பார்ப்பது பற்றிப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "இது மூடநம்பிக்கைக்குத் துணைபோவது ஆகாதா?" 2001-இல் ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகிப்போன 28 மனநோயாளிகளை மறக்காதவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்விதான். நேராக நைஜீரியாவுக்குப் போய்விடுவோம்.

1954. தாமஸ் அடெயோயே லாம்போ இங்கிலாந்தில் மனநல மருத்துவம் படித்துவிட்டுச் சொந்த ஊரான அபெயோகுடாவுக்குத் திரும்புகிறார். அரோ மருத்துவமனையில் படுக்கைகள் இன்னும் தயாராகவில்லை. சுற்றியிருந்த கிராமங்களில் நோயாளிகளுக்கு வாடகைக்கு இடம் பிடித்தார். ஒரே நிபந்தனை: கூடவே சொந்தக்காரர் ஒருவர் தங்க வேண்டும், சமைத்துப் போட வேண்டும். பகலில் மருத்துவமனையில் சிகிச்சை, மற்ற நேரம் ஊருக்குள் வாழ்க்கை. கிராமத்துக்கு வாடகைப் பணத்தோடு குடிநீர், கழிப்பறை வசதிகளும் கிடைத்தன. அந்தப் பகுதியின் யொருபா இனத்து நாட்டு வைத்தியர்களையும் லாம்போ உடன் சேர்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான், ஆப்பிரிக்கரின் மூளை முன்பகுதியைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்ற கருத்தைச் சொல்லும் கரோதர்ஸ் என்ற மருத்துவரின் நூலை உலகச் சுகாதார நிறுவனமே வெளியிட்டிருந்தது. பின்னாளில் அதே நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநர் நாற்காலியில் லாம்போ உட்கார்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

சரி, அந்த வைத்தியர்கள் என்னதான் செய்தார்கள்? 1950-களின் கடைசியில் அங்கே வேலை பார்த்த கனடா மருத்துவர் ரேமண்ட் பிரின்ஸ், அவர்கள் கொடுத்த மருந்துகளில் ரவுவோல்ஃபியா என்ற செடி இருப்பதைக் கண்டார். நம்மூர் சர்ப்பகந்திக்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் ரெசர்பின் என்ற மருந்துப்பொருள் உண்டு. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் நரம்பு நுனிகளில் சின்னச் சின்னப் பைகளில் சேமிக்கப்படும். பைக்குள் அதை ஏற்றும் பம்பை ரெசர்பின் அடைத்துவிடும். பைக்கு வெளியே தங்கும் டோபமைன் சிதைந்துபோகும், அதனால் அடுத்த நரம்புக்குப் போகும் செய்தி குறையும், மனக்கொந்தளிப்பு அடங்கும். ரத்த அழுத்தம் இறங்குவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் பிறகு வேறு மருந்துகள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன.

"பார்த்தீர்களா, மந்திரம் சும்மா, வேலை செய்தது செடிதான்" என்று பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னை ஈர்ப்பது இதற்கு அப்புறம் வருவதுதான்.

குணமானவரை வைத்தியர் சும்மா வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவார். நோயில் கிடந்தபோது உடுத்தியிருந்த அதே துணியோடு அவர் வருவார். தலையை மழித்து, புறாக்களைப் பலிகொடுத்து, தண்ணீரில் நிறுத்திக் குளிப்பாட்டுவார்கள். பழைய துணி கழன்று ஆற்றோடு போகும். புதுத்துணி உடுத்திக் கரையேறுவார்.

இதை எழுபதுகளில் லண்டனில் கிடைத்த ஒரு முடிவோடு சேர்த்துப் பாருங்கள். ஜார்ஜ் பிரவுனும் சகாக்களும் மனச்சிதைவு நோயாளிகள் வீடு திரும்பியபின் என்ன ஆகிறது என்று கவனித்தார்கள். வீட்டார் ஓயாமல் குறை சொல்லும், கடிந்துபேசும் வீடுகளில் நோய் திரும்பி வருவது மிக அதிகமாக இருந்தது. ஏன் அப்படிக் கடிகிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் தோண்டின. "நினைத்தால் இவனால் அடக்கிக்கொள்ள முடியும், வேண்டுமென்றே செய்கிறான்" என்ற எண்ணம் அப்படிப்பட்ட உறவினர்களிடம் அதிகம் இருந்தது.

இப்போது ஆற்றங்கரையில் நிற்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். மகனின் நோய் அவன் குணத்தில் இல்லை, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது, இதோ துணியோடு போகிறது. கண்ணெதிரே போகிறது, சொந்தபந்தமும் பார்க்கிறது. நாளைக்கு அவன் சோற்றைத் தட்டிவிட்டால் "இவன் புத்தியே இப்படித்தான்" என்று சொல்ல அவளுக்கு நா எழாது. நோய் முடிந்ததற்கு ஒரு தேதியும் சாட்சிகளும் கிடைத்துவிட்டன. இந்தச் சடங்கு நோயாளியின் மூளையை விட, அவரைச் சுற்றியிருப்பவர்களின் மனசில்தான் அதிகம் வேலை செய்கிறது என்பது என் ஊகம். டிஸ்சார்ஜ் சீட்டில் இது கிடையாது.

இந்த நம்பிக்கைக்குக் கொடூரமான இன்னொரு பக்கமும் உண்டு. நோய் வெளியே இருந்து வந்தது என்றால், அனுப்பியது யார்? அந்த விரல் பெரும்பாலும் ஒரு வயதான விதவையை நோக்கி நீளும். வடக்கு கானாவில் கம்பாகா என்ற ஊரில், சூனியக்காரி என்று விரட்டப்பட்ட பெண்கள் தங்குவதற்கென்றே ஒரு முகாம் இருக்கிறது. லாம்போவின் யொருபா வைத்தியர்களும் நோயாளிகளை விலங்கிட்டு வைத்தவர்கள்தான். இதையெல்லாம் பண்பாடு என்று சொல்லி நான் மன்னிக்க மாட்டேன்.

அதனால்தான் சோதித்துப் பார்ப்பது அவசியம், அதுவும் நடந்திருக்கிறது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைக்கும் கானாவின் ஒரு பிரார்த்தனை முகாமில் 139 பேரை ஆய்வுக்கு எடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் அவர்களின் அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. சங்கிலியில் கிடந்த நாட்கள் மட்டும் குறையவில்லை. 2018-இல் வெளியான இந்த முடிவு எனக்கு வலிக்கிறது. மாத்திரைக்கு மூளைக்குள் போக வழி தெரியும், பூட்டின் சாவி முகாம்காரர் கையில் அல்லவா இருக்கிறது? நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓயே குரேஜே தலைமையில் நைஜீரியாவிலும் கானாவிலும் 307 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு அந்த முகாம்காரரையே கூட்டாளியாக்கியது. மருத்துவப் பணியாளர்கள் வைத்தியர்களின் இடத்துக்கே போய்ப் பேசி, கூடவே சிகிச்சையும் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் அவர்களின் நோயாளிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள்.

ஆகவே நண்பரே, கூட்டாளியாவது துணைபோவது ஆகாது, பூட்டு திறக்கிறதா என்று விடாமல் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும் வரைக்கும்.

மூளை ஸ்கேனுக்கும் மரபணுவுக்கும் கொட்டும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளியை இந்த மாதிரி வேலைக்குத் திருப்பலாம் என்பது என் ஆசை. ஒரே மருந்து சாப்பிடும் இரண்டு பேர், ஒருவருக்கு ஆற்றங்கரைச் சடங்கு நடந்தது, இன்னொருவருக்கு நடக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து யாரை வயல் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள், யாரோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள் என்று யாராவது போய்ப் பார்த்து எழுத வேண்டும்.