“பவர்தானே கொடுத்தோம்” என்று சொல்பவர்களுக்கு

“நிலத்தை விக்கல வக்கீலம்மா, பவர்தான் குடுத்தோம்.” திருப்போரூர், கேளம்பாக்கம், தையூர்ப் பக்கத்திலிருந்து என்னைத் தேடி வரும் குடும்பங்களில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. அண்மையில் வந்த குடும்பமும் இதையேதான் சொன்னது. அவர்கள் கொல்லையில் கல் நட்டு, மனை பிரித்து, பாதி மனைகளுக்குக் கிரயமும் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் பாதையை மறித்துக் காம்பவுண்டுச் சுவர் எழும்பிய பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. இதற்கு மேலும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பவர் என்று நீங்கள் சொல்லும் பொது அதிகாரப் பத்திரத்தில் “விற்க, கிரயம் எழுதிக் கொடுக்க, தொகையைப் பெற்றுக்கொள்ள” என்ற வரி இருந்தால், பவர் வாங்கிய ஏஜெண்டு போடும் கையெழுத்து நீங்கள் போட்ட கையெழுத்துதான். உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை. என்ன விலைக்கு விற்றார் என்று உங்களுக்குத் தெரியாமலே கிரயம் பதிவாகிவிடும். வாங்கிய பணத்துக்கு அவர் உங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். அந்த வழக்கில் கிடைத்தால் பணம்தான் கிடைக்கும், நிலம் வராது.

“அப்போ ரத்து பண்ணிடலாம்” என்பார்கள். பண்ணலாம். ஆனால் ரத்துக்கு முன்னால் நடந்த கிரயம் அப்படியே நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். பவர் எழுதிய அன்றே கிரய ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கையில் கிடைத்தது கொஞ்சம் அட்வான்ஸாக இருக்கும், “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதியிருக்கும். ஏஜெண்டுக்கு அந்தச் சொத்திலேயே நலன் இருக்கிறது என்று ஆகிவிட்டால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202-வது பிரிவுப்படி அந்த அதிகாரத்தை நீங்களாக முறிக்க முடியாது. அப்பா இறந்துவிட்டார், அவர் கொடுத்த பவரும் அதோடு போயிற்று என்பதும் சாதாரண பவருக்குத்தான் பொருந்தும்.

பிள்ளைகள் வாட்ஸப்பில் வந்த ஒன்றைக் காட்டுவார்கள்: பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். 2011-இல் வந்த சூரஜ் லாம்ப் தீர்ப்பு அது. பவரைக் கையில் வைத்திருப்பதாலேயே ஒருவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்றுதான் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பவரைக் கொண்டு அவர் இன்னொருவருக்குப் பதிவு செய்து கொடுக்கும் கிரயம் செல்லாது என்று அது சொல்லவில்லை. மனை பிரிக்கவும் அடுக்குமாடி கட்டவும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் உண்மையான பவர்களை இந்தத் தீர்ப்பு பாதிக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தயவுசெய்து பாதிச் செய்தியைப் படித்துவிட்டுத் தைரியமாக இருக்காதீர்கள்.

சரி, பட்டா இருப்பவர்கள் கதை இது. கையெழுத்துப் போட நிலமே இல்லாதவர்கள் கதி இதைவிட மோசம். அரசு நிலம் எடுத்தால், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி குத்தகைதாரர், விளைச்சலில் பங்குக்குப் பயிர் செய்பவர், அந்த நிலத்தை நம்பி வாழும் கூலித் தொழிலாளி எல்லாரும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள். பல ஆண்டுகளாக அங்கேயே இருந்து பிழைத்தவர்களுக்கு நிலம் இல்லாவிட்டாலும் மறுவாழ்வு உண்டு. அதே நிலத்தைத் தனியார் பேரம் பேசி வாங்கினால் பணம் பட்டாதாரருக்கு மட்டும் போகிறது. அதற்கும் ஓர் அளவுக்கு மேல் மறுவாழ்வுக் கடமை உண்டு என்று அதே சட்டத்தின் 46-வது பிரிவு சொல்கிறது. துண்டு துண்டாக, வேறு வேறு பெயர்களில் வாங்கும்போது அந்தக் கணக்கே எழுவதில்லை. அங்கே நாற்று நட்டவர்களும் மாடு மேய்த்தவர்களும் ஒரு நோட்டீஸ்கூடப் பார்க்காமல் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு ரெரா என்ற சட்டம் வந்து, வீடு வாங்குபவரைக் காப்பாற்றுகிறது. முன்பு அங்கே இருந்தவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அவர்களுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. சாகுபடி செய்யும் குத்தகைதாரரை வருவாய் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடத்தையே சொந்தமாக்க 1971-இல் ஒரு சட்டம் வந்தது. சட்டம் குறித்த தேதியில் அவர் அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிலம் கைமாறுவதற்கு முன்பே இவற்றைக் கேட்டு மனுப் போடுங்கள். மனை விற்று முடிந்தபின் நான் எவ்வளவு வாதாடினாலும் பலன் குறைவு.

எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் பஞ்சமி நிலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட நிலம் அது. பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டது இந்த நிலத்துக்காகத்தான். இன்று பட்டா வேறு யார் பெயரிலோ இருந்தாலும், நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யுடிஆர் பணிக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தேடி எடுங்கள். “எப்பவோ போயிடுச்சு” என்று விட்டுவிடாதீர்கள்.

கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒரு தம்பியைப் பிடித்து அவர் பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மொத்த இடத்துக்கும் வேலி போடுவது இன்னொரு வழக்கம். பிரிபடாத குடியிருப்பு வீட்டில் பாகம் வாங்கிய வெளியாள் உங்களோடு கூட்டாக அனுபவம் கேட்க முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவைக் காட்டி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பாகத்தை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஆயுதம் இது, பயன்படுத்துபவர்கள் குறைவு.

பாதை விஷயத்தில் அவசரம் தேவை. வயலுக்கும் ஏரிக்கும் சுடுகாட்டுக்கும் போன வழி கிராம வரைபடத்திலோ புலப்படத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் இல்லாவிட்டாலும், இருபது வருடம் உரிமையோடு தடையில்லாமல் நடந்த வழிக்கு வசதியுரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் உரிமை, கேட்கலாம். சுவருக்கு வானம் தோண்டும்போதே நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேளுங்கள். இரும்புக் கேட் போட்டு, வாட்ச்மேன் உட்கார்ந்த பிறகு வராதீர்கள்.

வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் நீங்கள் அங்கே குடியிருப்பதைத்தான் காட்டும், உரிமையைக் காட்டாது. நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இருப்பவர்கள் தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டுவைக்காதீர்கள். பட்டாவையும், நிலத்தில் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கத்தையும் இணையத்தில் காசு இல்லாமல் பார்க்கலாம். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். புரோக்கர் கொண்டுவரும் வக்கீல் புரோக்கருடைய வக்கீல். பத்திரத்தை முதல் நாளே கேட்டு வாங்கி, உங்களுக்கு வேண்டியவர் ஒருவரை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் கைரேகை வைக்கவே வைக்காதீர்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு.

ஏற்கனவே பவர் கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஏமாற்றி எழுதிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். புரோக்கர் “பேசி முடிச்சுடலாம்” என்று சொல்லி இழுத்தடிக்கும் மாதங்களும் அந்த மூன்று வருடத்தில்தான் கழியும்.