மாநகராட்சி ஷெட்டுக்கு இடம் பார்க்கிறீர்களா? மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள்

மாசி மாத வெயிலில் போய்ப் பார்த்தால் வடசென்னையில் எந்தக் காலி இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். தரை காய்ந்திருக்கும், கல் நட்டிருக்கும், தரகரும் பட்டா நகலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நான் சிவில் பொறியாளர். அரசு, தனியார் இரண்டு தரப்புக்கும் இடங்களை ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது என் தொழில். குப்பை லாரி, டிப்பர், ஜேசிபி, தண்ணீர் இறைக்கும் மோட்டார், தெருவிளக்கு பழுது பார்க்கும் ஏணி வண்டி இவை எல்லாம் நிற்கிற ஒரு பணிமனைக்கு இடம் பார்க்கும்போது, விலைக்கும் பரப்பளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஊரெல்லாம் தண்ணீர் நிற்கும் ராத்திரியில் இந்த கேட்டிலிருந்து கிளம்பும் வண்டி எதுவரை போகும்?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன்பு ஓர் உள்ளாட்சி அமைப்புக்காக ஓர் இடத்தை ஆய்வு செய்தோம். மேடான இடம், பத்திரமும் சுத்தம், மண்ணும் பரவாயில்லை, நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த பெருமழையில் ஷெட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் வெளியே போகிற ஒரே சாலை முழங்காலுக்கு மேல் மூழ்கிவிட்டது, அதற்கு அப்பால் இருந்த சப்வேயையும் மூடிவிட்டார்கள். மோட்டார்கள் எல்லாம் ஷெட்டில் காய்ந்த தரையில் நின்றன. பக்கத்து ஏரியாவில் ஜனங்கள் வீட்டுக்குள் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறிக்கையில் சாலையைப் பற்றி நான் எழுதியது 'அகலம் போதுமானது' என்ற ஒரே வரி.

வடசென்னையை ரயில் பாதைகளும் கால்வாய்களும் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பெருமழை என்றால் கணேசபுரம் சப்வே மூடப்படுவது வியாசர்பாடிக்காரர்களுக்குப் புதிதல்ல. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு அந்த நேரக் கணக்கு தெரியும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசை. அதனால் இப்போதெல்லாம் நான் கேட்பது, சப்வேயையும் ரயில்வே கேட்டையும் தொடாத வெளிவழி ஒன்றாவது இருக்கிறதா, அது அடைத்தால் வேறு திசையில் இன்னொன்று இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் இடம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்றே எழுதுகிறேன்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாவிட்டால், 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டீக்கடைக்காரர் சொல்வார், பக்கத்துச் சுவரில் கறை சொல்லும், மின்சாரப் பெட்டியை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதும் சொல்லும். ஒரு முறை ஓர் அம்மா தன் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுக் காட்டி, "இதுவரைக்கும் சார், மூணு நாள்" என்றார். எந்த வரைபடமும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது. அப்புறம் பழைய நில அளவைப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள், இன்றைய பட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள். ஏரி, குட்டை, வாய்க்கால் என்று எங்காவது இருந்தால் அந்த இடத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

"மண் கொட்டி உயர்த்திக்கலாம் சார்" என்று யாராவது சொல்வார்கள். ஓர் ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த 4,047 கன மீட்டர் மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம் லாரிக்காரர்கள் கணக்கில் சுமார் 1,430 யூனிட். இறுக்கினால் அமுங்கும் என்பதால் இன்னும் கூடவே வேண்டும். செலவை விடுங்கள், அங்கே நின்றுகொண்டிருந்த தண்ணீர் பக்கத்துத் தெரு வீடுகளுக்குள் போகும், அதற்கு யார் பொறுப்பு? ஏற்கெனவே நிரப்பிய இடம் என்றால் இன்னும் கவனம் தேவை. மேலே ஓர் அடி கிராவல், அதற்குக் கீழே கட்டட இடிபாடு, பிளாஸ்டிக், அதற்கும் கீழே கால்வாயோரக் களிமண் என்று பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு அச்சு லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடையே 18 டன்னைத் தாண்டும். அதைத் தினமும் தாங்க வேண்டிய தரை இது, அதனால் பொக்லைனை வைத்து நான்கைந்து இடத்தில் குழி தோண்டிப் பார்க்காமல் எதுவும் முடிவு செய்யக்கூடாது. தோண்டும்போது தண்ணீர் எத்தனை அடியில் வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் சர்வீஸ் குழி கார்த்திகை மாதத்தில் கிணறாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் குழியே வேண்டாம், வண்டியைத் தூக்கும் லிஃப்ட் போடுங்கள்.

எண்ணெய் விஷயம் வடசென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2013-ல் தண்டையார்பேட்டையில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போய் மீனவர்களின் வலையிலும் படகிலும் அப்பியது. வண்டி கழுவுகிற, ஆயில் மாற்றுகிற ஷெட்டும் சின்ன அளவில் அதே வேலையைச் செய்துவிடலாம். எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கு இடம் இருக்கிறதா, வெளியேறும் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறதா இல்லை மழைநீர் வடிகால் வழியாக நேரே கால்வாய்க்கா என்று முதல் நாளே பாருங்கள். அந்த இடத்தில் முன்பு காயலான் கடையோ பேட்டரி உடைக்கும் பட்டறையோ இருந்ததா என்றும் விசாரியுங்கள். இருந்தது என்றால் மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் வாங்காதீர்கள்.

தலைக்கு மேலே உயரழுத்த மின்கம்பி போகிற இடமும் ஆகாது. டிப்பர் தொட்டியைத் தூக்கும்போதும் ஏணி வண்டி நிமிரும்போதும் டிரைவர் மேலே பார்ப்பார் என்று நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியாது. பூமிக்கு அடியில் பெட்ரோலியக் குழாய் போனால் அதன் மேல் கட்டடம் கட்டச் சட்டமே இடம் தராது. ஓரத்தில் நட்டிருக்கும் அடையாளக் கம்பங்களைத் தேடுங்கள்.

பரப்பளவு எளிய கணக்குதான். குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரி ஒன்று நிற்கவும் திரும்பவும் சேர்த்து ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வைத்துக்கொண்டால், 60 வண்டிக்கு மட்டும் ஓர் ஏக்கருக்குச் சற்று மேல். பட்டறை, கழுவும் இடம், உதிரிபாக அறை எல்லாம் இதற்கு மேல்.

அப்புறம் ஆட்கள். விடியற்காலையிலேயே வேலை தொடங்கும் தூய்மைப் பணியாளர் அக்கா எந்த பஸ்ஸில் அங்கே வருவார், உடை மாற்ற எங்கே போவார், வேலை முடிந்து குளிக்கத் தண்ணீர் உண்டா என்பதையும் இடம் பார்க்கும்போதே கேட்க வேண்டும், ஏனென்றால் வரைபடம் முடிந்தபின் அவர்களுக்கு மிஞ்சுவது படிக்கட்டுக்கு அடியில் ஒரு மூலைதான். சுற்றியிருக்கும் வீடுகளையும் பாருங்கள். இருட்டிலேயே இருபது லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் யார் படுக்கையறைக்குள் போகும்?

உங்கள் வார்டில் இப்படி ஓர் இடம் பேசப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்த ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் மழை நாளில் எடுத்த ஒரு படமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.