இறக்கம்தானே என்று சொல்லாதீர்கள்

ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு யார் யார் வருவார்கள் என்று எனக்கு இப்போது மனப்பாடம். வெயிலில் கறுத்த முகம், கையில் ஜெர்சி முடியும் இடத்தில் ஒரு கோடு, படியில் நேராக இறங்க முடியாமல் பக்கவாட்டாக இறங்கும் நடை. எங்கே போனீர்கள் என்று கேட்டால் மயோர்க்கா என்பார்கள். லண்டனில் நம் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நாற்பது தாண்டியதும் நம்மவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் வருகிற வேகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் போன கிழமை வந்த அண்ணன் ஒருவரும் அதே வசனத்தைச் சொன்னபோது, சரி, இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. "ஏத்தம் முழுக்க நிக்காமல் ஏறிட்டன் தங்கச்சி. பிறகு இறக்கம்தானே, அதில என்ன கிடக்கு?"

அதில்தான் அண்ணை எல்லாம் கிடக்கு.

போகாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவின் வடமேற்குக் கரை நெடுக ட்ராமுந்தானா மலைத்தொடர் ஓடுகிறது. 2011இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. ஒரு பக்கம் ஒலிவ மரங்கள் நிற்கும் கல் அடுக்கு வயல்கள், மறுபக்கம் நேர் கீழே கடல். சைக்கிள்காரர்கள் எல்லோரும் போட்டோ போடும் சா கலோப்ரா சாலை, 682 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரெய்ஸ் கணவாயிலிருந்து ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டரில் கடலுக்கு இறங்குகிறது. அந்தோனி பரியெட்டி என்ற பொறியாளர் 1932இல் போட்ட சாலை. கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஓரிடத்தில் சாலை சுழன்று தன் அடியிலேயே நுழைந்து போகும். கடலோடு பாதை முடிந்துவிடுகிறது. வேறெங்கும் ஏறிவிட்டு இறங்குவோம், இங்கே இறங்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். 'முதலில் ஓய்வு, பிறகு வேலை' என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

இறக்கம் ஓய்வு இல்லை. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் எடுபடுவதில்லை, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். படி ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பு விழாமல் பிடித்து வைக்கிறது. சுருங்கி வேலை செய்வதைவிட, இழுபட்டுக்கொண்டு வேலை செய்வது தசை நாருக்குக் கடுமை. ஆனால் அதற்கு ஆகும் சக்தி குறைவு. மூச்சு வாங்காது, நாடி ஏறாது, கைக்கடிகாரம் 'சும்மா நடக்கிறாய்' என்றுதான் காட்டும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காததால் யாரும் நிற்பதில்லை. மறுநாள் விறைப்பு, அதற்கடுத்த நாள் கழிவறையில் உட்கார்ந்து எழும்ப முடியாது. அப்புறம் நேரே என்னிடம் வந்து, "முழங்கால் தேய்ஞ்சு போச்சு, ஸ்கேன் எடுக்க வேணும்" என்பார்கள். பெரும்பாலும் எதுவும் தேயவில்லை. தசையைத் தயார் பண்ணாமல் கூட்டிக்கொண்டு போய் வதைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். மருந்துக்கடையில் வாங்கிய முழங்கால் பட்டி இதற்கு ஒன்றும் செய்யாது.

சைக்கிளில் உட்கார்ந்து இறங்குவதைவிட நடந்து இறங்குவதில்தான் இது கடுமை, அதனால் சைக்கிள் ஓட்டாத குடும்பத்தினர் இதில் இன்னும் மோசமாக மாட்டுகிறார்கள். ஜிஆர் 221 என்ற நெடும் நடைபாதையில், கூபெர் நீர்த்தேக்கத்திலிருந்து சோல்யெர் ஊருக்குப் போகும் ஒரு பகுதி உண்டு. நீர்த்தேக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரம். முதலில் கொஞ்சம் ஏற்றம், அதன் பிறகு பினியாராய்ஷ் பள்ளத்தாக்கு வழியாகக் கல் படி, கல் படி, மேலும் கல் படி. "அம்மாவும் பிள்ளைகளும் பஸ்ஸில் மேலே போய் மெல்ல இறங்கி வரட்டும்" என்று அனுப்பிவிட்டு இவர்கள் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். கால்பட்டு வழுவழுத்த சுண்ணாம்புக் கல் அது, மழை தூறினால் சறுக்கும். வருடம் முழுக்க சமதரையில் மட்டும் நடந்த அம்மாவைக் கொண்டுபோய் அதில் விடுவதைவிட, அவரையும் உங்களோடு ஏறச் சொல்வது மேல்.

தயாராவது பெரிய வித்தை இல்லை. போவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலே போதும். எல்லா டாக்டரும் சொல்வதற்குத் தலைகீழ்தான், தெரியும். ஒருமுறை இப்படி இழுபட்டுப் பழகிய தசை சில வாரங்களுக்கு அந்தப் பாதுகாப்பை வைத்துக்கொள்ளும். நடக்கும்போது சிறிய எட்டு, முழங்காலை விறைக்காமல் லேசாக மடக்கி வையுங்கள். இரண்டு ஊன்றுகோல் எடுத்துப் போங்கள். கிழவர்கள் வைத்துக்கொள்வது என்ற வெட்கம் தயவுசெய்து வேண்டாம். முழங்காலில் விழும் சுமையை அது உண்மையிலேயே குறைக்கிறது.

இனி சைக்கிள். இங்கிலாந்தில் வலக்கைப் பிடிதான் முன் பிரேக், ஐரோப்பியக் கண்டத்தில் இடக்கைப் பிடி. வாடகைச் சைக்கிளை எடுத்ததும் இதைப் பாருங்கள். கேட்டால் மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. வளைவில் ஆடு ஒன்று குறுக்கே வரும்போது (வரும், அந்த மலை முழுக்க ஆடுகள்தான்) மூளை யோசிக்காது, கை பழக்கத்தில் பிடிக்கும். இடது வலது விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கமாக ஒழுங்காகத்தான் போவார்கள். போட்டோவுக்கு நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்பும்போது லண்டன் நினைவில் இடப்பக்கம் ஏறி, அடுத்த வளைவில் சுற்றுலாப் பஸ்ஸின் முகத்துக்கு நேரே நிற்பார்கள். சா கலோப்ராவுக்கு அந்தப் பஸ்கள் வந்து குவிவதற்கு முன், காலையிலேயே போய்விடுங்கள்.

பயந்தவர்கள் பிரேக்கைப் பிடித்த பிடியிலேயே இறங்குவார்கள். அது பாதுகாப்பு என்று நினைப்பு. ஆளும் சைக்கிளும் 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு இறக்கத்தில் வெளியாகும் சக்தி ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போனால் காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மெதுவாக உரசிக்கொண்டே போனால் கிட்டத்தட்ட முழுவதும் பிரேக்குக்குத்தான். ரிம்மில் பிடிக்கும் பிரேக்கும் கார்பன் சக்கரமும் என்றால் சூட்டில் ரிம் கெடலாம், ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விடுங்கள். கை ஓய்ந்தால் நில்லுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கை ஓரத்து நரம்பு அமுங்குகிறது என்று அர்த்தம், பிடியை மாற்றுங்கள். வியர்த்த ஜெர்சியோடு இறங்கினால் வெயில் நாளிலும் விரல் விறைக்கும். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். தீவின் மிக உயரமான மலையான புயிக் மயோர் பக்கம் போனால் சுரங்கப்பாதை வரும், விளக்கில்லாமல் போகாதீர்கள்.

விழுந்து கையை ஊன்றியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெருவிரல் அடியில் விழும் குழியில் அமுக்கினால் வலிக்கிறதா? அது சுளுக்கு இல்லாமல் இருக்கலாம். அங்கே இருக்கும் சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போவதுண்டு. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு, விட்டால் ஒட்டாது. நல்லெண்ணெய் போட்டு நீவி, துணி சுற்றி, மூன்று மாதம் கழித்து என்னிடம் வருகிறீர்கள். அந்தக் கட்டத்தில் என் கையில் எதுவும் இல்லை. வலி நிற்காவிட்டால் இரண்டாவது படம் கேட்டு வாங்குங்கள்.

அதேபோல், நீண்ட இறக்கத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் நிறையத் தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று ஹோட்டலில் படுத்திருக்க வேண்டாம். தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது, உடனே மருத்துவமனை.

இதற்கிடையில் சிலர், சைக்கிள் அலுத்துவிட்டது என்று டொர்ரெண்ட் டெ பரெய்ஸ் பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள். வீடு பருமன் பாறைகளைத் தாண்டிப் போகும் இடம், மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும். ஓட்டப் பாதணியோடு போகும் இடம் அல்ல. மீட்புப் படையினர் அங்கே அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. 112 என்ற அவசர உதவி எண்ணை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பணம் யார் கட்டுவது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. இங்கிலாந்தில் தரும் ஜிஹெச்ஐசி அட்டை அங்குள்ள அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும், மலையிலிருந்து தூக்கி வருவதற்கோ விமானத்தில் ஊருக்குக் கொண்டுவருவதற்கோ உதவாது. பயணக் காப்புறுதியில் மலை மீட்பும் சைக்கிளும் எழுதியிருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் அன்றே பாருங்கள்.