ஆச்சி காதும் பேரன் காதும்

நாகர்கோவிலில் தோல் மருத்துவராக இருக்கிறேன். கொஞ்ச நாள் முன்பு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பையன் தன் ஆச்சியோடு வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். காதுச் சோணையில் கறுப்பு வளையம், அதைக் கழற்றினால் என் சுண்டுவிரல் தாராளமாக நுழையும் அளவுக்கு ஓட்டை. கப்பல் வேலைக்கு இன்டர்வியூ வருகிறதாம், தைத்து மூட முடியுமா என்று கேட்டான்.

ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் காதைப் பார்த்தேன். இரண்டு சோணையிலும் நேர்கோடாகப் பழைய தையல் தழும்பு.

"எங்க அம்மைக்குப் பாம்படம் கெடந்தது டாக்டரே. எனக்கும் சின்னதுலயே காது வடிச்சு விட்டாவ. பெறவு, பொண்ணு பாக்க வாறவிய பட்டிக்காடுன்னு சொல்லுவாவன்னு அப்பாதான் அறுத்துத் தைக்கக் கூட்டிட்டுப் போனாரு."

பாம்படம் என்ற கனமான காதணிக்காகக் காது வடிப்பது லேசான வேலை இல்லை. குத்திய துளையில் பஞ்சைத் திணித்து, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி சோணையைத் தோள்வரை இறக்குவார்கள். அன்றைக்கு அதுதான் அந்தஸ்து. அடுத்த தலைமுறைக்கு அதுவே வெட்கம். பேரன் காலத்தில் அதே ஓட்டை கெத்தாகத் திரும்பி வந்து, இன்டர்வியூ தேதி வந்ததும் மறுபடி வெட்கமாகிவிட்டது.

நானும் யோக்கியம் இல்லை, என் கல்லூரிப் போட்டோவை என் பிள்ளைகள் பார்க்காமல் இருக்கத்தான் பீரோ மேலே வைத்திருக்கிறேன். ஆனால் பெல்பாட்டமும் கிருதாவும் தையல்காரரோடும் முடிவெட்டுபவரோடும் போய்விடும். தோல் அப்படி விடாது.

டாட்டூவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி மையைத் தோலின் இரண்டாவது அடுக்கில் இறக்குகிறது. அங்குள்ள எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன, ஒரு செல் செத்தால் அடுத்தது வந்து அதே மையை விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் காதலி பெயர் காதலைத் தாண்டியும் நிற்கிறது, வயதாக ஆக ஓரம் மங்கி, கோடு விரிந்து, வாசிக்க முடியாமல் போனாலும் கறையாக நிற்கிறது. லேசரில் கறுப்பு ஓரளவு போகும், பச்சையும் மஞ்சளும் பிடிவாதம். ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் 6 முதல் 8 வாரம் இடைவெளி வேண்டும், பல அமர்வுகள் ஆகும், ஒரு வருடம் சர்வசாதாரணமாக ஓடிவிடும். ராணுவத் தேர்வில் முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் நிரந்தர டாட்டூ இருந்தால் சிக்கல் (பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு). அடுத்த மாதம் ஆள்சேர்ப்பு என்று கழுத்தைக் காட்டிக்கொண்டு வருபவர்களிடம் நான் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

குத்தாதே என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள். திருவிழாக் கடையில் வேண்டாம், அவ்வளவுதான். ஊசியைப் பாக்கெட் உடைத்து உங்கள் கண்முன்னால் எடுக்கிறார்களா, மையைப் புதுக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள் அந்த வழியாகவும் வரும். வீட்டில் யாருக்காவது காயம் ஆறியபின் தழும்பு மேடாக வளர்ந்திருந்தால் காதின் மேல்பகுதிக் குருத்தெலும்பில் குத்தவே குத்தாதீர்கள். அப்படி வளரும் கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வரக்கூடும், ஊசி போட்டுப் போட்டு அடக்க வேண்டியிருக்கும்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். மரத்துப்போக ஊசி போட்டு, ஓட்டையின் ஓரத்தைச் சீவித் தைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தவன், சின்னக் கடுக்கன் எப்போது போடலாம் என்றான். சில மாதம் போகட்டும், தழும்பின் மேலே மட்டும் குத்தாதே என்றேன்.

ஆச்சி அந்தக் கறுப்பு வளையத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ன வெல மக்களே?"

"நூத்தம்பது ரூவா ஆச்சி."

"எங்க அம்மைக்க காதுல கெடந்தது பொன்னாக்கும்."