ஓக்ரா: பில்லில் ஏறிய இக்போ சொல்

பெரிய கடைகளில் வெண்டைக்காய் வாங்கினால் பில்லில் 'ஓக்ரா' என்று அடித்துத் தருகிறார்கள். 'லேடீஸ் ஃபிங்கர்' பழசாகிவிட்டது போலிருக்கிறது. ஓக்ராவும் ஆங்கிலச் சொல்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அகராதியைப் புரட்டினால் அது கைகாட்டுவது நைஜீரியாவின் தென்கிழக்கே எனுகு, அனம்ப்ரா, இமோ பக்கம் வாழும் இக்போ மக்களை.

இக்போ மொழியில் இந்தக் காய்க்கு 'ஒக்வுரு' என்று பெயர். (இக்போ என்பதில் க், ப் இரண்டையும் ஒரே நேரத்தில் வெடிக்கவிட வேண்டும். அது நாக்குக்கு வராமல்தான் வெள்ளைக்காரர்கள் 'ஈபோ' என்று எழுதினார்கள்.) நைஜீரியக் கரையிலுள்ள போனி, காலபார் துறைமுகங்களிலிருந்து ஜமைக்காவுக்கும் வர்ஜீனியாவுக்கும் அடிமைகளாக ஏற்றப்பட்டவர்களில் இக்போக்காரர்கள் ஏராளம். அவர்கள் வாயிலிருந்த சொல் எசமானர்களின் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுத்தில் வந்துவிட்டது. ஜமைக்காவில் இன்றும் பலரைப் பார்த்து 'நீங்கள்' என்பதற்கு 'உனு' என்கிறார்கள். அதுவும் இக்போவிலிருந்து போனதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? காய்க்கு வெண்டைக்காய், செடிக்கு வெண்டை. ஈழத்தில் வெண்டிக்காய். தெலுங்கில் பெண்டகாய, மலையாளத்தில் வெண்டக்க என்று அக்கம்பக்கத்திலும் இதே சொல்தான் புழங்குகிறது. இதற்குப் போய்ப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, ஓக்ராவும் வேண்டாம்.

சிக்கல் குழம்பில்தான். 'ஒஃபே ஒக்வுரு' என்ற இக்போ உணவை 'வெண்டைக்காய்க் குழம்பு' என்று மொழிபெயர்த்தால் நம் ஆட்களுக்குப் புளிக்குழம்புதான் நினைவுக்கு வரும். நாம் காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன்பிறகே நறுக்குகிறோம். வதக்கும்போது புளித்தண்ணீரோ மோரோ தெளித்து வழவழப்பை ஒழிக்கிறோம். அங்கே அந்த வழவழப்புக்காகவே சமைக்கிறார்கள். காயைப் பொடியாக அரிந்தோ துருவியோ, செம்பனை எண்ணெய், காய்ந்த மீன், உலர்ந்த இறால்பொடி போட்ட கொதியில் கடைசியில் சேர்த்துச் சில நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். வழவழப்பு போதாதென்றால் 'அகன்வு' என்ற, அப்பளக்காரம் போன்ற உப்பில் ஒரு சிட்டிகை போடுவதும் உண்டு! கரண்டியால் தூக்கினால் நூல் நூலாக இழுபட வேண்டும். நைஜீரிய ஆங்கிலத்தில் இதற்கு 'டிரா சூப்' என்றே பெயர். இடித்த 'யாம்' வள்ளிக்கிழங்கையோ மரவள்ளிக் களியையோ விரலால் கிள்ளி உருட்டி, இதில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குகிறார்கள். நம் ஊரில் கேழ்வரகுக் களி விழுங்குகிறவர்களுக்கு இது புரியும்.

அதனால் காயைப் பற்றி எழுதும்போது வெண்டைக்காய் என்றே எழுதலாம். அந்த உணவைச் சொல்லும்போது மட்டும் 'ஒக்வுருக் குழம்பு' என்று இக்போ பெயரையே வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் சமையல் குறிப்பைப் படிக்கிறவர் முதல் வேலையாகப் புளியை ஊறப்போட்டுவிடுவார்.